ஐந்து லிட்டர் ஊதாத் தண்ணீரோடு மைசூருக்கு

மைசூரைப் பற்றி நான் எழுதிய பழைய பதிவுகளைப் படித்த இரண்டு மூன்று பேர், ஹனூர் பக்கத்திலிருந்து பஸ்ஸிலேயே போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியும். ஹனூரிலிருந்து கொள்ளேகால் இருபத்துநாலு கிலோமீட்டர். அங்கிருந்து தி. நரசிபுரம் வழியாக மைசூர் அறுபத்துமூன்று. பஸ்ஸைத் தவறவிடாமல் பிடித்தால் மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். நானும் என் மாமியாரும் கொண்டுபோனது ஒரு கேன் நிறைய ஊதாத் தண்ணீர்.

அது 1996, பிப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை. சாமராஜநகர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. பட்டாவில் பெயர் மாற்றுவதிலிருந்து பல் பிடுங்குவது வரை எங்களுக்கு எல்லாமே மைசூர்தான். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அப்பா ஒரு மில்லில் வேலை பார்த்தார், நான் கன்னடப் பள்ளியில் படித்தேன். பிறகு ஹனூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தமிழ் விவசாயக் குடும்பத்தில் வாக்கப்பட்டேன். கணவர் செல்வராசு டிராக்டர் ஓட்டுகிறவர். மாமியார் மாராத்தாளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அவர் வீட்டு வாசலில் நின்று பேசினால் மூன்று காடு தள்ளிக் களை எடுக்கிறவர்கள் பதில் சொல்வார்கள்.

எங்கள் காட்டை ஒட்டி ஓர் ஓடை. அதற்கு மேல்பக்கம் பட்டு நூல் முறுக்குகிற பட்டறை ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அங்கே நூலுக்குச் சாயம் போடவும் ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஓடைக்குக் கிழமைக்கு ஒரு நிறம். மஞ்சள் ஒரு நாள், பச்சை ஒரு நாள், முகூர்த்த மாதம் நெருங்கினால் நாள் தவறாமல் அரக்கு. அடுத்த மாதம் என்ன நிறப் புடவை கடைக்கு வரும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற கல்லில் நின்றே சொல்லிவிடுவார்கள். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். மீன் செத்து மிதந்தது. கிணற்றுத் தண்ணீர் நாக்கில் பட்டால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல இருந்தது. பிறகு சிரிப்பு குறைந்துபோனது.

ஒரு சாயங்காலம் எங்கள் வெள்ளைப் பசு முழங்கால் வரைக்கும் ஊதா நிறத்தில், பள்ளிக்கூடக் காலுறை போட்டதுபோல வீட்டுக்கு வந்தது. மறுநாள் பால் சொசைட்டியில் பால் வாங்க மறுத்துவிட்டார்கள்.

"பாலு வெள்ளையாத்தானுங்களே இருக்குது?" என்றார் மாமியார்.

"இன்னைக்கு வெள்ளையா இருக்குது. நாளைக்கு ரோஸ் மில்க்கா வந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார் சொசைட்டி செயலாளர்.

காலி செய்யாத பால் குடத்தோடு மாமியார் நேராகப் பஞ்சாயத்துக்குப் போனார். அவர்கள் தாலுகா அலுவலகத்தைக் காட்டினார்கள். தாலுகா அலுவலகத்தில், இதற்கென்று சட்டம் இருக்கிறது, மைசூரில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். செல்வராசு கூட வர மறுத்துவிட்டார். அந்தப் பட்டறைக்கு விறகு ஏற்றுவது எங்கள் டிராக்டர்தான். வாரத்துக்கு மூன்று லோடு.

"பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கும்மா?" என்றார்.

"பொல்லாப்பு ஓடையில வந்து மாட்டுக் கால நக்குது. இனி நாம எங்க போயி ஒளியறது?" என்று சொல்லிவிட்டு மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, நீ மைசூர்க்காரிதான? வெடியால கெளம்பறோம். சும்மா வாயில சொன்னா நம்ப மாட்டாங்க. கேன்ல மோந்துக்கலாம்."

காலை ஐந்தே முக்காலுக்கு ஓடையில் கேனை முக்கினோம். அன்றைக்கு நல்ல ஊதா. ஆறு பத்துக்கு எங்கள் ஊர் விலக்கில் வரும் தனியார் பஸ்ஸில் கொள்ளேகாலுக்கு ஆளுக்கு ஆறு ரூபாய். வனத்தை ஒட்டிய சாலைகளில் அந்த நாட்களில் போலீஸ் சோதனை அதிகம் (வனத்துக்குள் யாரைத் தேடினார்கள் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை). வண்டி நின்றது. ஏறிய கான்ஸ்டபிளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எங்கள் பிரச்சினையே அதுதான்.

"கேன்ல என்ன?"

"தண்ணிங்" என்றார் மாமியார்.

"தண்ணியா!" கான்ஸ்டபிளின் முகம் மாறியது. "காலைல ஆறரை மணிக்கு, அஞ்சு லிட்டர் தண்ணியா? எங்க காய்ச்சினது?"

நான் கன்னடத்தில் விளக்குவதற்குள் மூடியைத் திருகி, மூக்கை வைத்து, நான்கு முறை தும்மினார். பிறகு சந்தேகம் தீராமல் இடது கை ஆட்காட்டி விரலை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரல் பாதிக்கு மேல் ஊதா. கால்சட்டையில், சட்டையில், சீட்டில், எதில் துடைத்தும் போகவில்லை. அது தேர்தல் வருடம், வாக்குப்பதிவுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. கர்நாடகத்தில் முதல் ஓட்டைப் போட்டுவிட்ட மனிதராக அவர் கீழே இறங்கினார். மூடியை அரைகுறையாகத் திருகி வைத்திருந்தார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

கொள்ளேகால் பஸ் நிலையத்தில் ஏழே கால். இட்லி நன்றாக இருக்கும், சட்னியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏழே முக்காலுக்கு மைசூர் பஸ், டிக்கெட் பதினைந்து ரூபாய். கண்டக்டர் கேனுக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. கேனைக் காலடியில் வைக்கவும் கண்டக்டர் விடவில்லை. நடைபாதையில் யாராவது தடுக்கி விழுவார்களாம். அவரே தூக்கி மேலே சாமான் வைக்கிற கம்பித் தட்டில் வைத்தார். மாமியார், "சாஞ்சிரும் சாமி" என்றார். "ஏனாகல்ல" என்றார் அவர். ஒன்றும் ஆகாதாம்.

நரசிபுரத்தில் காவிரியும் கபினியும் கூடுகிற இடத்தைப் பஸ் பாலத்திலிருந்தே பார்க்கலாம். இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல் என்று சண்டை போட வேண்டாம், இரண்டிலும் தண்ணீர் தெரியும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேகத்தடையில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. முன் சீட்டிலிருந்து ஓர் அலறல்.

"அய்யோ, நன்ன ஷர்ட்டு!"

சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். நரசிபுரத்தில் ஏறியவர். பெயர் புட்டசாமி என்று பிறகு தெரிந்தது. மைசூரில் மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார், மனைவியும் மகனும் முதல் நாளே போய்விட்டார்கள், பன்னிரண்டு மணிக்கு நேரம் குறித்திருக்கிறது. இதை எல்லாம் கத்தலுக்கு நடுவிலேயே சொன்னார். வலது தோளிலிருந்து இடுப்பு வரை ஊதா வழிந்திருந்தது. கண்டக்டர் எங்களைக் காட்டினார். நான் கையைக் கூப்பினேன். மாமியார் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்துபோய் அந்தச் சட்டைத் துணியை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கிப் பார்த்தார்.

"பாருங்க, அஞ்சு நிமிசத்துல எப்படிப் புடிச்சிருச்சு! இதைத்தானுங் என்ற மாடு ஒரு வருசமாக் குடிக்குது."

நான் மொழிபெயர்த்தேன். புட்டசாமி தன் சட்டையையும் கேனையும் பார்த்தார். அவரும் மாடு வைத்திருக்கிறவர். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் சட்டைக்கு வழி சொல்லாமல் விடமாட்டேன் என்றார்.

"வாங்கித் தாரேன். அதுக்கு முன்ன ஆபீசுக்கு வந்து இந்தச் சட்டைய ஒருக்காக் காட்டிப்போட்டுப் போங்க" என்றார் மாமியார்.

மைசூர் பஸ் நிலையத்தில் மணி ஒன்பது ஐம்பது. மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் ஏறினோம். மைசூர் ஆட்டோக்கள் மீட்டர் போடும், பயப்படாமல் ஏறலாம். ஓட்டுநர் சேலத்துக்காரர்.

"பொல்யூஷன் ஆபீசா? ஆறு மாசத்துக்கு ஒருக்கா நானே போறேம்மா, எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் கொண்டுபோய் இறக்கிய இடம் ஒரு தகரக் கொட்டகை. வரிசையாக ஆட்டோக்கள் புகை கக்கிக்கொண்டு நின்றன. உள்ளே ஒருவர் புகைக்குழாயில் கம்பியை விட்டு அளந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வண்டி எங்கே?" என்று கேட்டார்.

"வண்டி இல்லீங். தண்ணி" என்று கேனை மேசையில் வைத்தார் மாமியார்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்த இயந்திரம் புகையை மட்டும்தான் மோந்து பார்க்கும் அம்மா, தண்ணீருக்கு வேறு சட்டம், வேறு அலுவலகம் என்று ஒரு தாளில் வழி எழுதிக் கொடுத்தார். ஆட்டோ ஓட்டுநருக்கு ஒரே அவமானம். மீட்டரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளித் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்த சரியான அலுவலகத்துக்கு இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. "தண்ணீருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதிகாரி விமலா நாற்பது வயதுக்காரர். மேசை முழுக்கக் கோப்புகள். கேனைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கோப்புகளை எல்லாம் எடுத்து அலமாரி மேல் வைத்தார். நான் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"இந்த மாதிரியை நான் வாங்க முடியாது" என்றார் கன்னடத்தில். "சட்டப்படி இது செல்லாது. தண்ணீரை எங்கள் ஆட்கள்தான் வந்து எடுக்க வேண்டும். இது சாயத் தண்ணீர்தான் என்று யார் சொன்னது? பீட்ரூட் சாறாகக்கூட இருக்கலாமே என்று அவர்கள் வக்கீல் கேட்பார்."

நான் தமிழில் சொன்னதும் மாமியார், "ஒரு மடக்குக் குடிச்சுப் பார்க்கச் சொல்லு. பீட்ரூட்டா இல்லையான்னு தெரிஞ்சிரும்" என்றார்.

"எங்க அத்தை, மேடம் நன்றாகச் சோதித்துப் பார்க்கட்டும் என்கிறார்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

விமலா சிரித்துவிட்டார். "நீங்க மொழிபெயர்க்க வேண்டாம்மா. கொள்ளேகால்ல நாலு வருஷம் வேலை பார்த்தேன். எனக்குத் தமிழ் வரும்." எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு விமலா விவரமாகச் சொன்னார். அதிகாரி பட்டறைக்கு வருவார். மாதிரி எடுக்கப்போகிறேன் என்று அங்கேயே எழுத்தில் கொடுப்பார். பட்டறைக்காரர் கண் முன்னால் எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரண்டு பாட்டிலிலும் முத்திரை வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடத்துக்குப் போகும். பட்டறைக்காரர் கேட்டால் மற்றதை வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

"திருடன்கிட்டச் சொல்லிப்போட்டு, அவன் முன்னாலயே பங்கு வெச்சு, அவனுக்கும் பாதியா?" மாமியாருக்கு நம்ப முடியவில்லை.

"அவன் திருடன்னு இன்னும் முடிவாகலையேம்மா. இப்படிச் செய்தாத்தான் நாளைக்குக் கோர்ட்டுல, நீங்களே சாயத்தைக் கலக்கிக் கொண்டுவந்தீங்கன்னு அவனால சொல்ல முடியாது."

மாமியார் தலையை ஆட்டினார். "அதுஞ் செரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருடத்துக்கு ஒரு முறை வரும்.

விமலா ஒரு பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. அந்தப் பட்டறைக்கு நூல் முறுக்க மட்டும்தான் அனுமதி இருந்தது. சாயம் போடவோ கழிவை வெளியே விடவோ விண்ணப்பமே போடவில்லை. அதுவரை அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் பேனாவைத் திறந்தார். ஓடையும் கிணறும் மட்டுமல்ல, பூமிக்கு அடியில் ஓடுகிற தண்ணீரும் இந்தச் சட்டத்துக்குள் வரும், எல்லாவற்றையும் புகாரில் எழுதுங்கள் என்றார். நான் கன்னடத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். மாமியார் தமிழில் கையெழுத்துப் போட்டார். புட்டசாமியும் தனியாக ஒரு மனு எழுதி நீட்டினார், சட்டைக்கு நஷ்டஈடு வேண்டுமென்று.

"சட்டை இந்தச் சட்டத்துல வராதே" என்றார் விமலா.

"ஓடை வருது, கிணறு வருது, மண்ணுக்குள்ளே இருக்கிற தண்ணிகூட வருது. மேலே நிற்கிற என் சட்டை வராதா?" என்று அவர் கன்னடத்தில் கொதித்தார். கடைசியில் புகாருக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டதும் சமாதானமானார். தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டே போட்டார்.

கிளம்பும்போது மாமியார் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே சாக்கடைப் பக்கம் போனார். விமலா ஓடி வந்தார். "அய்யய்யோ, அங்கே ஊற்றாதீங்க! சாக்கடையில, குளத்தில, மண்ணில, எங்கே ஊற்றினாலும் அதே சட்டத்துல குற்றம். நானே உங்க மேலே எழுத வேண்டிவரும்."

"அவன் ஒரு வருசமா ஊத்தறான், ஒருத்தரும் எழுதல. நான் ஒரு கேனு ஊத்துனா எழுதுவீங்களா?"

"நீங்க என் கண் முன்னாலே ஊற்றுறீங்களே அம்மா."

ஆகவே, மீதி நாலரை லிட்டர் எங்களோடு மைசூர் சுற்றிப் பார்த்தது. சயாஜிராவ் சாலையில் ஒரு துணிக்கடையில் புட்டசாமிக்குச் சட்டை எடுத்தோம். கடைக்காரர் வெள்ளையை விரித்துப் போட்டார். புட்டசாமி கேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதாச் சட்டையைத் தேர்ந்தெடுத்தார். "திரும்பிப் போகிற பஸ்ஸிலும் நீங்கள் இருந்தால்?" என்றார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊதாச் சட்டையோடு ஓர் ஆட்டோவில் ஏறிப் பறந்தார். அந்தக் கல்யாணம் நடந்தது. மே மாதம் பத்திரிகை வந்தது, நாங்களும் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

அரண்மனை வாசலில் கேனை உள்ளே விடவில்லை. செருப்பு வைக்கிற இடத்திலும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் கேனோடு மரத்தடியில் உட்கார்ந்தேன், மாமியார் மட்டும் போனார். அரண்மனைக்கு நான் எப்போதும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன். அவர் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "நெம்பப் பெருசு. கூட்டித் தொடைக்க எத்தன பேரு வேணுமோ!" என்றார். மதியம் மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினோம்.

இருட்டுவதற்குள் ஊர் வந்துவிட்டது. இங்கேதான் மாமியார் ஒரு தப்புச் செய்தார். எனக்கும் அதில் பங்கு உண்டு, தடுக்காமல் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கேனை நேராகப் பட்டறை வாசலுக்குக் கொண்டுபோய்க் காவலாளி முன்னால் வைத்தார்.

"இது உங்க பொருளு. கீழ ஊத்தறதுக்கு எங்களுக்குச் சட்டத்துல எடமில்லையாம். மைசூர்ல கேட்டுப்போட்டு வந்தோம். உங்க மொதலாளிகிட்டக் குடுத்துரு."

மறுநாளிலிருந்து ஓடை தெளிந்துவிட்டது. மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். செல்வராசு மட்டும் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். பொல்லாப்பு வந்துவிட்டதே என்ற கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் முன்பைவிட மோசமாகிக்கொண்டிருந்ததை யாரும் ஓடையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், விமலாவும் ஓர் உதவியாளரும் ஜீப்பில் வந்தார்கள். ஓடையில் கூழாங்கல் தெரிந்தது. பட்டறை முதலாளி வெள்ளைச் சட்டையில் சிரித்த முகமாக வரவேற்று இளநீர் வெட்டச் சொன்னார். "நூல் முறுக்கறதோட சரிங்க மேடம். சாயமெல்லாம் சும்மா சோதனைக்குக் கொஞ்ச நாள் பண்ணினோம், விட்டுட்டோம். இந்தம்மாவுக்கு எங்க மேல என்ன கோபமோ." அதற்குள் ஊரே கூடிவிட்டது. மாமியார் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேச வார்த்தை இல்லாமல் நின்று நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு விமலா ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"மேடம், ஒரு நிமிசம் நில்லுங்க" என்றார் செல்வராசு.

டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தவர் முன்னால் வந்தார். "பின்பக்கம் வெறகுக் குமி ஒண்ணு இருக்குதுங். இருபது நாளைக்கு முன்ன நாந்தான் கொண்டாந்து கொட்டுனேன். இந்த எடத்துலதான் கொட்டோணும்னு நின்னு கொட்டச் சொன்னாங்க. அதுக்கடியில பழைய கெணறு இருக்குது. அதுக்குள்ள கொழாய் போகுது."

மாமியார் மகனைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. விறகைத் தள்ள எட்டுப் பேருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கீழே பலகை. பலகையைத் தூக்கியதும் எழுந்த நெடியில் எல்லோரும் முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்தோம். உள்ளே அரக்குச் சிவப்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஓடையில ஒரு சொட்டு விடலையே மேடம்! என் நிலம், என் கிணறு!" என்றார் முதலாளி.

"நிலம் உங்களுது. அதுக்கடியில ஓடுற தண்ணி உங்களுது இல்லை" என்று விமலா ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து அறிவிப்பை எழுத ஆரம்பித்தார்.

வாளி விட்டு மொண்டார்கள். இரண்டு பாட்டில். முத்திரை வைக்க அரக்கு உருக்க மெழுகுவத்தி ஏற்றினால் காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. மாமியார் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார். முதலாளி எந்தப் பாட்டில் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்து, மாற்றி மாற்றி வைத்தார்.

"ரெண்டும் ஒரே கெணத்துத் தண்ணிதானுங். எதை எடுத்தாலும் தித்திக்காது" என்றார் மாமியார். அவருக்கு வாய் திரும்பிவிட்டது. ஊர் சிரித்தது, முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி மாமியாரே களி பரிமாறினார். செல்வராசு இரண்டாவது உருண்டைக் களி கேட்டார். மாமியார் மூன்றாவதையும் சேர்த்து வைத்தார்.

இரண்டு ஆய்வுக்கூடமும் ஒரே மாதிரி சொன்னதாக விமலா கடிதம் எழுதினார். பட்டறையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது, மின்சாரத்தைத் துண்டித்தார்கள். முதலாளி மைசூருக்கு நடையாய் நடந்தார். தொட்டி கட்டி, சுத்திகரிப்பு வைத்து, முறைப்படி அனுமதி வாங்கித் திரும்பத் திறக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் எங்களுக்குச் சுலபமாக இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். தெருவில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்வராசுவுக்கு விறகு லோடு போனது போனதுதான். கரும்பு ஏற்றக் குண்டலுபேட்டை வரை டிராக்டரைக் கொண்டுபோனார். சொசைட்டி மறுபடி பால் வாங்கியது. ஓடையில் அடுத்த மழைக்குப் பிறகு மீன் வந்தது. கிணறு மட்டும் தேற மூன்று வருடம் எடுத்தது. சட்டம் குழாயை ஒரு நாளில் அடைத்துவிடும். மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டதை அதனால் வெளியே கூப்பிட முடியவில்லை. எனக்கு இன்னும் வருத்தம் அதில்தான்.

இனி உங்களுக்கு உபயோகமான விஷயம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போங்கள், சாயங்காலம் அரண்மனையில் விளக்குப் போடுவார்கள். அலுவலக வேலையாகப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், எல்லா ஊர்க்காரர்களும் அன்றைக்குத்தான் வருவார்கள். பஸ்ஸில் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள். புகாரை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த இடம், எந்த நாள், யார் பார்த்தார்கள். கொடுத்ததற்கு நகலில் முத்திரை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதிகாரி வரும் வரைக்கும் ஊரில் வாயைத் திறக்காதீர்கள். இது எங்கள் வீட்டில் அனுபவப்பட்டுக் கற்றது.

அடுத்த வருடம் சித்திரை மாதம் என்று நினைக்கிறேன். பக்கத்து ஊரிலிருந்து மூன்று பெண்கள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊர் ஓரத்தில் ஜல்லி உடைக்கிற கிரஷர் வந்துவிட்டது. வீட்டுக்குள் சோற்றில் எல்லாம் கல்தூள் படிகிறது, குழந்தைகளுக்கு இருமல் நிற்கவே மாட்டேன் என்கிறது. அதில் ஒருத்தி, "உங்க மாமியாரு சட்டம் தெரிஞ்சவங்களாமே" என்றாள் என்னிடம்.

மாமியார் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். அன்று விமலா கேட்ட மாதிரியே, குறுக்கே பேசாமல், கடைசி வரைக்கும்.

"எனக்குத் தண்ணிச் சட்டந்தான் தெரியுமுங்" என்றார். "தூசி காத்துல வாரது. காத்துக்கு வேற சட்டம். அதை இனித்தான் கேக்கோணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, நாளைக்கு உனக்கு வேற சோலி ஒண்ணும் இல்லையல்லோ?"